எம்எக்ஸ்-5 தடக்காருக்கு நானே செய்த 4-1 ஹெடர்: 4,200 ஆர்பிஎம் அருகே டார்க் விழுகிறது, வெல்டிங்கும் விரிசல் விடுகிறது

செங்குழாய்:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். சாலையில் ஓட்டாமல், பந்தயத் தடத்துக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று என்னிடம் இருக்கிறது. எஞ்சின் 1,839 சிசி, டர்போ கிடையாது, 7,000 ஆர்பிஎம்மில் சிவப்புக்கோடு. எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்ட் மாற்றப்பட்டிருக்கிறது. அதனுடன் வந்த தாளின்படி, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு 50 டிகிரி முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது.

எரிந்த வாயுவை எஞ்சினிலிருந்து வெளியே கொண்டுபோகும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக 304 ஸ்டெயின்லெஸ் குழாயில் நான்கு பிரைமரிகளும் (சிலிண்டருக்கு ஒன்றாக வரும் குழாய்கள்) ஒரே கலெக்டரில் (அவை ஒன்றுசேரும் இடம்) சேரும் 4-1 ஹெடரை நானே செய்து மாட்டினேன். குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர் தடிமன் 1.65 மி.மீ. மூன்று பிரைமரிகளின் நீளம் 520 மி.மீ.; நான்காம் சிலிண்டருடையது மட்டும் 560 மி.மீ. சக்தியையும் டார்க்கையும் (சுழற்று விசை) அளக்கும் டைனோவில் ஏற்றியபோது 6,500க்கு மேல் சிறிது சக்தி கூடியிருந்தது. ஆனால் 3,800 முதல் 4,600 வரை டார்க் கோடு பள்ளமாக இறங்குகிறது, வளைவிலிருந்து வெளியேறும்போது அந்தத் தொய்வை வலது காலிலேயே உணர முடிகிறது. அதோடு, ஐடிலிங்கில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு; 1.0க்கு மேல் போனால் பெட்ரோல் குறைவு) 1.15 என்று காட்டுகிறது, நான்காம் சிலிண்டரின் ஃபிளேஞ்ச் (சிலிண்டர் ஹெட்டோடு போல்ட் போடும் தட்டு) வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசலும் தெரிகிறது. இவை ஒரே கோளாறா, தனித்தனிக் கோளாறுகளா என்று எனக்குப் புரியவில்லை. வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உருளைமேடை:

வணக்கம் செங்குழாய். ஹெடரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: பழைய மேனிஃபோல்டின் டைனோ அளவீடு எப்போது எடுத்தது? குளிர்காலக் காலையில் எடுத்த கோட்டின்மேல் கோடைப் பிற்பகலில் எடுத்த கோட்டை வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். திருத்தக் காரணி வெளிக்காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சரிசெய்யுமே தவிர, பானட்டுக்குள் சூடேறிய இன்டேக் காற்றையோ, இன்னும் முழுச் சூடு அடையாத கியர்பாக்ஸ் ஆயிலையோ அது அறியாது.

ஒரே நாளில், ஒரே டைனோவில், பழையது, புதியது, மீண்டும் பழையது என்று மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கூலண்ட், ஆயில், இன்டேக் காற்று மூன்றின் வெப்பமும் ஒரே அளவுக்கு வந்த பிறகே ஓட்டவும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய மேனிஃபோல்டின் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான், இடையில் தெரியும் வேறுபாடு ஹெடருடையது என்று சொல்ல முடியும். கேஸ்கெட் செலவும் உடல் உழைப்பும் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்த ஹெடருக்குக் குழாய் வெட்டுவது பணத்தை வீணாக்குவதே.

ஐடிலிங்கில் காட்டும் 1.15ஐ இப்போதைக்கு நம்ப வேண்டாம். எக்ஸாஸ்ட் குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும். அது வெளிக்காற்றுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கணமும் விரிசல் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சாருக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தெரியும். ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். முழுத் திராட்டிலில் வாயுவின் ஓட்டம் பலமாக இருப்பதால் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைச் சைலன்சர் முனையில் பொருத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் எங்கே குமிழி வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஆர்கான்கை:

விரிசலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என் தொழில். 304 ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, ஏறத்தாழ 0.017 மி.மீ. விரியும். உங்கள் 520 மி.மீ. குழாய் 600 டிகிரி சூடேறினால் 5 மி.மீ.க்கு மேல் நீள வேண்டும். நான்கு குழாய்களும் ஒரே அளவுக்குச் சூடேறுவதில்லை. ஒரு முனை சிலிண்டர் ஹெட்டில் இறுக்கமாகவும் மறுமுனை கலெக்டரில் வெல்டிங்காகவும் இருந்தால், அந்த விரிவெல்லாம் எங்கே போகும்? மிகவும் பலவீனமான வெல்டிங்கின் ஓரத்தைத்தான் பிளக்கும். கலெக்டரை கியர்பாக்ஸோடு பிராக்கெட் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு வெல்டிங்கின் பின்பக்கத்தைப் பார்க்கவும். கருத்து, சர்க்கரை உறைந்ததுபோல் பொரிந்து இருந்தால், வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளே ஆர்கான் நிரப்பவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட வெல்டிங்கை மேலிருந்து மறுபடி நிரப்பினாலும் அதன் அருகிலேயே மீண்டும் பிளக்கும். அரைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஆர்கான் ஓடவிட்டு, 308எல் வெல்டிங் கம்பியால் புதிதாகப் போட வேண்டும். அடுத்த ஹெடரில் ஒவ்வொரு குழாயும் கலெக்டருக்குள் செருகி ஸ்பிரிங்கால் பிடிக்கும் ஸ்லிப் ஜாயிண்டாக இருக்கட்டும். செலவுக்கு இடமிருந்தால் 321 ஸ்டெயின்லெஸ் நல்லது. அதில் சேர்க்கப்படும் டைட்டானியம், வெல்டிங்கை அடுத்த பகுதி நீண்ட சூட்டில் கெட்டுப்போகாமல் காக்கிறது. அதற்குக் கம்பி 347.

செங்குழாய்:

இருவருக்கும் மிக்க நன்றி. சோப்புத் தண்ணீரில் நான்காம் சிலிண்டர் ஃபிளேஞ்சிலும் கலெக்டர் மூட்டிலும் குமிழி வந்தது. ஆர்கான்கை அண்ணன் சொன்னபடி உள்பக்கம் பொரிந்துதான் இருந்தது. அரைத்து, ஆர்கான் நிரப்பி, மறுபடி வெல்டிங் செய்த பிறகு ஐடிலிங்கில் லாம்டா 1.0 அருகே நிற்கிறது. ஒரே நாளில் பழையது, புதியது, பழையது என்று மாட்டிப் பார்த்ததில், பழைய மேனிஃபோல்டின் இரண்டு கோடுகளும் நன்றாகப் பொருந்தின. புதிய ஹெடரின் பள்ளமோ, சற்று ஆழம் குறைந்தாலும், 4,200ஐ ஒட்டி அப்படியே இருக்கிறது. ஆகவே அது காற்றுக் கசிவால் மட்டும் வந்ததல்ல.

எதிரலை:

இப்போது வடிவமைப்பைப் பற்றிப் பேசலாம். வால்வு திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, குழாய் அகலமாகும் கலெக்டரில் தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை வெளியே இழுத்துப் புதுக் காற்றையும் உள்ளே கொண்டுவரும்.

ட்யூனர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு இது: 180உடன், அடிமட்டத்துக்கு எத்தனை டிகிரி முன்பு வால்வு திறக்கிறதோ அதைக் கூட்டுங்கள், 21,590ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மால் வகுத்து, 76ஐக் கழித்தால் பிரைமரியின் நீளம் மி.மீ.யில் கிடைக்கும். உங்கள் கேம்ஷாஃப்டுக்கு முதல் எண் 230. அதைக் கொண்டு 520 மி.மீ.யைத் திருப்பிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 8,300 ஆர்பிஎம் வருகிறது. உங்கள் எஞ்சின் எட்டவே எட்டாத வேகத்துக்கு அந்த ஹெடர் பொருந்தியிருக்கிறது. அதில் பாதி வேகத்தில் அதே அலை இரண்டு முறை போய்வர நேரம் கிடைக்கும். கலெக்டரில் இரண்டாம் முறை தலைகீழாகி, உறிஞ்ச வேண்டிய நேரத்தில் அழுத்தமாக வந்து, எரிந்த வாயுவை சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். 8,300இல் பாதி 4,150. உங்கள் பள்ளம் இருக்கும் இடம் அதுதான்.

விட்டமும் பெரியது. 460 சிசி சிலிண்டருக்கு 41.5 மி.மீ. உள்விட்டம் போதும், உங்களுடையது 45. பரப்பு ஆறில் ஒரு பங்கு கூடும்போது வாயுவின் வேகம் அதே அளவில் குறைகிறது. வாயுவின் வேகம் குறைந்த நடு ஆர்பிஎம்மில் அது இன்னும் கூடுதலாக வலிக்கும்.

6,500க்குக் கணக்கிட்டால் நீளம் 690 மி.மீ. பள்ளம் 3,250க்கு இறங்கிவிடும். தடத்தில் நீங்கள் அந்த வேகத்துக்கு அநேகமாக வரவே மாட்டீர்கள். ஆனால் 690 மி.மீ. குழாய்கள் நான்கை அந்த எஞ்சின் அறைக்குள் வளைப்பது கடினம். என் கருத்தில் உங்களுக்கு ஏற்றது 4-2-1, அதாவது நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேரும் அமைப்பு: அதன் பள்ளம் ஆழம் குறைந்ததாகவும் இருக்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும்.

செங்குழாய்:

மிகத் தெளிவாக விளங்கியது ஐயா. 4-2-1 என்றால் எந்தக் குழாயை எதனோடு சேர்ப்பது, நீளத்தை எப்படிப் பிரிப்பது?

எதிரலை:

எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் 1ஐ 4உடனும், 2ஐ 3உடனும் சேருங்கள்; ஒவ்வொரு இணையிலும் வெடிப்புகள் 360 டிகிரி இடைவெளியில் வரும், ஒன்றின் அலை மற்றொன்றைக் கெடுக்காது. ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரில் ஒரு பக்கச் சிலிண்டர் குழாய்களை மறுபக்கத்துக்குக் குறுக்கே கடத்திப் பின்னியதும் இப்படிச் சீரான இடைவெளியைப் பெறுவதற்காகத்தான். உங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அது எளிதாகவே கிடைக்கிறது. பிரைமரி 380 மி.மீ., வெளிவிட்டம் 44.5, செகண்டரி (இணை சேர்ந்த பிறகு வரும் குழாய்) 310 மி.மீ., வெளிவிட்டம் 57. இரண்டுக்கும் சுவர் 1.5 மி.மீ. நான்காம் சிலிண்டர் குழாய் 40 மி.மீ. நீண்டதுபோல் இந்த முறை விடாதீர்கள், 10 மி.மீ.க்குள் கொண்டுவந்தால் போதும்.

இந்தக் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே, எனவே செகண்டரியை இறுதியாக வெல்டிங் செய்துவிடாமல், 50 மி.மீ. துண்டு ஒன்றை இடையில் செருகி எடுக்கும்படி ஸ்லிப் ஜாயிண்டாக விடுங்கள். துண்டு இல்லாமலும் துண்டோடும் டைனோவில் ஓட்டுங்கள். டார்க் முகடு 400 ஆர்பிஎம் அளவில் கீழே நகர்ந்தால் அலை கணக்குப்படி வேலை செய்கிறது. முகடு நகரவே இல்லை என்றால் நீளத்தை மாற்றிப் பயனில்லை. கலெக்டர், சைலன்சர், இன்டேக் என்ற வரிசையில் தேடுங்கள். பெட்ரோல் மேப்பை (ஈசியுவில் உள்ள பெட்ரோல் அளவு அட்டவணை) ஒவ்வொரு நீளத்துக்கும் சரிசெய்த பிறகே கோடுகளை ஒப்பிடவும்.