ஆர்-டைப் 2 ஸ்க்ரோல் மட்டும் ஜெர்க் அடிக்குது, மற்ற கேமெல்லாம் ஸ்மூத் – எந்த செட்டிங்?

கடைசி_காயின்:

வணக்கம். லேப்டாப், 1080 திரை, 60 ஹெர்ட்ஸ், இன்டெல் கிராஃபிக்ஸ், விண்டோஸ் 11. பழைய ஆர்கேட் கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் எஃப்.பி.நியோ கோர் (கேமை ஓட்டும் எமுலேட்டர் பகுதி). விண்கலச் சண்டை கேமான ஆர்-டைப் 2 ஓடும்போது பின்னணி நகர்வதில் விக்கல் மாதிரி ஒரு தடங்கல். ஒரே தாளத்தில், நொடிக்கு நாலைந்து தடவை. எதிரிகள் கூட்டமாக வரும்போது மட்டுமில்லை, ஒன்றுமே இல்லாத இடத்திலும் அப்படித்தான். ஏர் டூயல், ஹேமரின் ஹேரி இரண்டிலும் இதேதான். 1941, ஃபைனல் ஃபைட், லாஸ்ட் ரிசார்ட் மூன்றும் சுத்தமாக ஓடுகின்றன.

செய்து பார்த்தவை: வி-சின்க் (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு சேர்க்கும் செட்டிங்) ஆஃப் செய்தால் படம் குறுக்கே கிழிகிறது. ஷேடரை (படத்துக்குப் போடும் ஃபில்டர்) எடுத்தாலும் மாற்றமில்லை. சிபியூ 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. கோர் ஆப்ஷனில் 'ஃபோர்ஸ் 60 ஹெர்ட்ஸ்' ஆன் செய்தால் விக்கல் போய்விடுகிறது, ஆனால் பாட்டு விரைகிறது, விண்கலமும் கைக்கு அடங்கவில்லை. ரோம் (கேம் ஃபைல்) தப்பா, கோர் தப்பா?

வரிக்கணக்கு:

ரோமும் சரி, கோரும் சரி. ஜெர்க் அடிக்கும் மூன்றும் ஐரெம் நிறுவனக் கேம்கள், எம்72 ஆர்கேட் போர்டு வழியில் வந்தவை: ஆர்-டைப் 2 (1989), ஏர் டூயல் (1990), ஹேமரின் ஹேரி (1990). இவை நொடிக்கு 60 ஃப்ரேம் போடுவதே இல்லை, 55.0176 தான். திரை 60 தடவை கேட்கிறது, கேமிடம் 55 தான் இருக்கிறது. குறைகிற ஐந்துக்குப் பழைய ஃப்ரேமையே இன்னொரு தடவை காட்டியாக வேண்டும். அதனால் சுமார் 0.2 நொடிக்கு ஒருமுறை படம் நின்று நகர்கிறது. நீங்கள் எண்ணிய நாலைந்து இதுதான்.

ஏன் 55? பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்களை வரையும் வேகம், 8 மெகாஹெர்ட்ஸ். ஒரு வரிக்கு மொத்தம் 512 பிக்சல், ஒரு ஃப்ரேமுக்குக் கண்ணுக்குத் தெரியாதவையும் சேர்த்து மொத்தம் 284 வரி. 80,00,000 ÷ 512 ÷ 284 = 55.0176. கேப்காமின் சிபிஎஸ்-1 போர்டில் அதே 8 மெகாஹெர்ட்ஸ், அதே 512, ஆனால் 262 வரி. அதனால் 59.637 வருகிறது. வரி ஓடும் வேகம் இரண்டிலும் 15.625 கிலோஹெர்ட்ஸ்தான். கேப்காம் கண்ணுக்குத் தெரியும் 224 வரியோடு நிறுத்திக்கொண்டது, ஐரெம் 256 வரி வரைந்தது. அந்தக் கூடுதல் வரிகளுக்கு நேரம் வேண்டுமே! ஒரு ஃப்ரேம் 18.18 மில்லிசெகண்ட் பிடிக்கிறது. ஆர்கேட் பெட்டியில் இருந்த பிக்சர் டியூப் மானிட்டர் போர்டு அனுப்பும் வேகத்தோடு பூட்டிக்கொள்ளும், அதனால் அங்கே விக்கலே கிடையாது. உங்கள் எல்.சி.டி. நாமாக மாற்றாதவரை 60-ஐ விட்டு அசையாது.

'ஃபோர்ஸ் 60' முதலில் ஆஃப். 60-ஐ 55.0176-ஆல் வகுத்தால் 1.09, அதாவது 9 சதவீதம் வேகம். ஒரு நொடியில் உங்களைத் தொட வேண்டிய குண்டு 0.92 நொடியில் வந்துவிடும். ஆர்-டைப் எதிரி எங்கே, எப்போது வருவான் என்று மனப்பாடம் செய்து ஆடும் கேம். அந்த வேகத்தில் பழகினால் நீங்கள் பழகுவது ஆர்-டைப் 2 இல்லை. கேமைத் திரைக்கு ஏற்ப வளைக்காதீர்கள், திரையைக் கேமுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

ரெண்டாவது_லூப்:

கணக்கு அண்ணன் சொல்லிட்டார், நான் வழியைச் சொல்றேன்.

ஃப்ரீசின்க் அல்லது ஜி-சின்க் (கேமோட வேகத்துக்குத் திரையே மாறிக்கிற வசதி) உள்ள மானிட்டர் வெளியில இருக்கா? இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. மானிட்டரோட ஓஎஸ்டி மெனுவிலயும் கிராஃபிக்ஸ் டிரைவர்லயும் அதை ஆன் பண்ணுங்க. ரெட்ரோஆர்ச்ல முழுத்திரை, வி-சின்க் ஆன், 'சின்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃப்ரேம்ரேட்' ஆன். பதிப்பைப் பொறுத்து இது ஃப்ரேம் த்ராட்டில் மெனுவிலயோ வீடியோ சின்க்ரனைசேஷன் மெனுவிலயோ இருக்கும். விலை குறைஞ்ச ஃப்ரீசின்க் மானிட்டர் பலதுக்கும் வீச்சு 48-லிருந்து 75 வரை. 55 அதுக்குள்ள வசதியா உட்காரும். இதுக்கு மேல எந்த எண்ணையும் தொட வேண்டாம்.

ஃப்ரீசின்க் இல்லாத 120, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா 110 ஹெர்ட்ஸ்ல கஸ்டம் மோட் போட்டு, வி-சின்க் ஸ்வாப் இன்டர்வலை 2 ஆக்குங்க. ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா ரெண்டு தடவை வரும். 55.000-க்கும் 55.0176-க்கும் இருக்கிற வித்தியாசம் 0.03 சதவீதம், அதை ஆடியோ ரேட் கன்ட்ரோல் சத்தமில்லாம விழுங்கிடும்.

கடைசி_காயின்:

நன்றி. வெளியில் மானிட்டர் இல்லை. லேப்டாப் திரையும் ஒரு எச்.டி.எம்.ஐ. டிவியும்தான்.

வரிக்கணக்கு:

டிவியை நம்பாதீர்கள். பெரும்பாலான டிவிகள் 50, 60 போன்ற சில வேகங்களை மட்டுமே ஏற்கும். 55 அனுப்பினால் 'சிக்னல் இல்லை' என்று நிற்கும். லேப்டாப் பேனலில் முயலலாம். எல்லாப் பேனலும் ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் 60-லிருந்து 55-க்கு இறக்குவது சின்ன மாற்றம், முயற்சிக்குத் தகும்.

சி.ஆர்.யூ. என்ற கஸ்டம் ரெசல்யூஷன் யுட்டிலிட்டி போதும். முதலில் அந்த ஃபோல்டரில் 'ரீசெட்-ஆல்' ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பி வரும் வழி அதுதான். பிறகு இப்போதுள்ள 60 ஹெர்ட்ஸ் வரியைத் திறந்து அகலத்தின் மொத்தம், உயரத்தின் மொத்தம், பேக் போர்ச், சின்க் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வரியை அழிக்காமல் புதிதாக ஒன்று சேருங்கள். குறித்த எண்களை அப்படியே போட்டு ரெஃப்ரெஷ் ரேட்டை மட்டும் 55.018 ஆக்குங்கள். பிக்சல் கிளாக் தானாக இறங்கும். மொத்தம் 2200 × 1125, கிளாக் 148.50 என்று இருந்தால் புதிய கிளாக் 136.17 மெகாஹெர்ட்ஸ் வரவேண்டும். உங்கள் பேனலின் மொத்தம் வேறு என்றால் இந்த எண்ணும் வேறாக வரும், பயப்பட வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் தவறு, கிளாக்கைத் தொடாமல் உயரத்தின் மொத்தத்தைக் கூட்டி 55-க்குக் கொண்டுவருவது. சில பேனல் கன்ட்ரோலருக்கு வரி எண்ணிக்கை மாறுவது பிடிக்காது, படம் கீழே ஓடும். மொத்தத்தை அப்படியே வைத்துக் கிளாக்கை இறக்குவதுதான் முதல் முயற்சியாக இருக்கட்டும்.

சேமித்த பின் கூடவே வரும் 'ரீஸ்டார்ட்64'-ஐ ஓட்டுங்கள். திரை ஒருமுறை அணைந்து வரும். 15 நொடி கழித்தும் வராவிட்டால் எஃப்8 அழுத்துங்கள், ரெக்கவரி மோடில் திரும்பும். வந்துவிட்டால் விண்டோஸ் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 55-ஐத் தேர்ந்தெடுங்கள். பின்பு ரெட்ரோஆர்ச், வீடியோ, அவுட்புட்டில் 'செட் டிஸ்ப்ளே-ரிப்போர்ட்டட் ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை ஒருமுறை தட்டுங்கள். இதை மறந்தால் ரெட்ரோஆர்ச் திரை இன்னும் 60-ல் இருப்பதாகவே நினைத்து ஆடியோவைக் கணக்கிடும், சத்தம் வெடிக்கும்.

கடைசி_காயின்:

வேலை செய்தது! திரை 55.02 என்று காட்டுகிறது. விக்கல் முழுவதும் போய்விட்டது, பாட்டும் சரியான வேகத்தில் இருக்கிறது. மிக்க நன்றி இருவருக்கும்.

மிச்சம் இரண்டு. ஒன்று, ஸ்க்ரோல் ஆகும்போது சுவர்களின் செங்குத்துக் கோடுகள் தடித்தும் மெலிந்தும் மினுங்குகின்றன. இரண்டு, 'இன் தி ஹன்ட்' படுமெதுவாக ஓடுகிறது. அதுவும் இந்த 55 விவகாரமா?

ரெண்டாவது_லூப்:

மினுங்கல் ஸ்கேலிங்கால வருது. படம் 384 × 256. நாலு மடங்கு உயரம் 1024, சரியா வருது. 4:3 ஆக்க அகலம் 1365 வேணும். அதை 384-ஆல வகுத்தா 3.55, முழு எண் இல்ல. அதனால சில பிக்சல் மூணு புள்ளி அகலம், சில பிக்சல் நாலு. ஸ்க்ரோல்ல அந்த அகலம் இடம் மாறிக்கிட்டே இருக்கு, கண்ணுக்கு மினுக்கமாத் தெரியுது. 'ஷார்ப் பைலீனியர்' ஷேடர் போடுங்க, விளிம்பு மட்டும் இலேசா மழுங்கும், மினுக்கம் நிக்கும். ஸ்க்ரோல்ல இந்த மினுக்கத்தைப் பார்த்துட்டு ஃப்ரேம் விடுதுன்னு நினைச்சு சிபியூ செட்டிங்கைக் குடைஞ்சு நேரத்தை வீணாக்குறவங்க நிறைய.

இன் தி ஹன்ட் (1993) வேற விஷயம். அது அசல் போர்டுலயே மெதுவா ஓடின கேம். வெடிப்பும் துண்டுதுணுக்கும் திரை நிறைய வந்தா போர்டுக்குத் தாங்காது. சந்தேகம் வந்தா மேம்ங்கிற இன்னொரு எமுலேட்டர்ல அதே இடத்தை ஓட்டி எஃப்11 அழுத்துங்க. வேகம் 100 சதவீதம் காட்டிக்கிட்டே கேம் மெதுவா நகர்ந்தா, அது போர்டோட மெதுவு. 100-க்குக் கீழ விழுந்தாத்தான் உங்க மெஷின் திணறுது. கோர்ல சிபியூ கிளாக்கை 150, 200 சதவீதம்னு ஏத்தினா வேகமாயிடும். தயவுசெஞ்சு ஏத்தாதீங்க. குண்டுக் கூட்டம் மெதுவாகுற அந்த நேரத்துலதான் இடுக்குல நுழைஞ்சு தப்பிக்கணும், கேமே அப்படித்தான் ஆடப்பட்டது.

கடைசி_காயின்:

புரிந்தது, 100-லேயே விடுகிறேன். கடைசியாக ஒன்று: பட்டன் அழுத்தியதும் கலம் நகர்வதில் மெல்லிய தாமதம் தெரிகிறது. 55-க்கு மாற்றியதாலா?

வரிக்கணக்கு:

கொஞ்சம் அதனாலும்தான். ஒரு ஃப்ரேமுக்கு 1.5 மில்லிசெகண்ட் கூடுகிறது. பெரும்பங்கு வி-சின்க்கும் கேமின் சொந்தத் தாமதமும். ரன்-அஹெட் (ஃப்ரேமை முன்கூட்டியே ஓட்டித் தாமதத்தைக் குறைக்கும் வசதி) போடுங்கள், ஆனால் எண்ணைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கேமைப் பி அழுத்தி நிறுத்துங்கள். ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் பிடித்தபடி கே-வை (ஒரு ஃப்ரேம் மட்டும் நகர்த்தும் விசை) ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணுங்கள். மூன்றாவது தட்டில் கலம் அசைந்தால் ரன்-அஹெட் 2. அதாவது எண்ணியதில் ஒன்று குறைவு. கூட வைத்தால் கலம் ஃப்ரேமைத் தாண்டிக் குதிக்கும், சத்தமும் பிசிறும். ஒவ்வொரு கேமுக்கும் தனியாக எண்ணி, கேம் ஓவர்ரைடாக (அந்த கேமுக்கு மட்டுமான செட்டிங்) சேமியுங்கள்.

கடைசி_காயின்:

எண்ணினேன், ஆர்-டைப் 2-க்கு 1 போட்டேன், நல்ல வித்தியாசம். டட்சுஜின்னும் ஆடுவேன். அது ஜெர்க் அடிப்பதில்லை, அப்படியே விடலாமா?

வரிக்கணக்கு:

ஜெர்க் இல்லாததுதான் அங்கே சிக்கல். டோப்லான் நிறுவனத்தின் டட்சுஜின் (1988) 57.613 ஹெர்ட்ஸ். ரெட்ரோஆர்ச்சில் 'ஆடியோ மேக்ஸிமம் டைமிங் ஸ்க்யூ' இயல்பாக 0.05. கேமுக்கும் திரைக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அது கேமை உங்களிடம் சொல்லாமலே திரையோடு இழுத்துச் சேர்த்துவிடும். ஐரெம்மின் 9 சதவீதம் அந்த எல்லையைத் தாண்டியதால் விக்கலாக வெளியே தெரிந்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் டட்சுஜின் 4.1 சதவீதம், உள்ளே வந்துவிடுகிறது. விக்காமல், வேகமாக, பாட்டின் சுருதியும் முக்கால் அரைச்சுரம் ஏறி ஓடுகிறது. கேவ் நிறுவனத்தின் டோன்பாச்சி (1995) 57.55, அதற்கும் இதே கதிதான்.

2200 × 1125 மொத்தத்துக்குக் கிளாக் எண்கள்: ஐரெம் 55.018-க்கு 136.17, டட்சுஜின் 57.613-க்கு 142.59, நியோ ஜியோ (லாஸ்ட் ரிசார்ட் ஓடும் போர்டு) 59.186-க்கு 146.48, சிபிஎஸ்-1 59.637-க்கு 147.60. முதல் இரண்டு மோடும் சேருங்கள். நியோ ஜியோவுக்கு 1.4 சதவீதம்தான், காது கூர்மையானவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். சிபிஎஸ்-1 60-லேயே ஓடட்டும். மோட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரெட்ரோஆர்ச்சில் அந்த டிஸ்ப்ளே-ரிப்போர்ட்டட் வரியை மறுபடி தட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.