க்னோம் வேலேண்டா, மாட்டே எக்ஸ்11-ஆ? ஓர்கா அமைப்பது பற்றி ஒரு விவாதம்

விசைவழி:
லினக்ஸுக்குப் புதிதாக வரும் பார்வையற்றவர்களிடம் இன்னமும் “மாட்டே போடுங்கள், எக்ஸ்11-ஐ விட்டு நகராதீர்கள்” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அறிவுரைக்குக் காலம் கடந்துவிட்டது என்பது என் வாதம். (ஓர்கா திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் நிரல். க்னோமும் மாட்டேயும் லினக்ஸ் டெஸ்க்டாப்கள். எக்ஸ்11 திரையையும் விசைப்பலகையையும் நிரல்களோடு இணைக்கும் பழைய அமைப்பு, வேலேண்ட் அதற்கான புதிய அமைப்பு.) அப்படி அறிவுறுத்தியதற்கு முக்கியக் காரணமாக இருந்தது விசைச் சிக்கல்தான். எக்ஸ்11-இல் எந்த நிரலும் எல்லா விசையழுத்தங்களையும் கவனிக்கலாம். ஓர்கா அப்படித்தான் தன் கட்டளைகளைப் பிடித்தது. பாதுகாப்புக் கருதி வேலேண்ட் அந்தக் கதவை மூடியது. அதன்பின் முன்னால் திறந்திருக்கும் நிரல்தான் ஏடி-ஸ்பை என்ற அணுகல் இடைமுகம் வழியாக விசையை ஓர்காவுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாத நிரலில் கட்டளை எடுபடாது. கேப்ஸ் லாக்கை ஓர்கா விசையாக வைத்தால் தட்டச்சும் பெரிய எழுத்துக்கு மாறிவிடும்.

2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இல் இது சரியானது. க்னோமின் சாளர நிர்வாகியான மட்டரே விசைகளை ஓர்காவிடம் கொடுக்கிறது. டெபியன் 13 என்ற லினக்ஸ் வெளியீட்டில் இருப்பதும் க்னோம் 48தான். நிறுவும்போது பூட் மெனுவின் பீப் ஒலி கேட்டதும் எஸ் விசை, பிறகு என்டர். நிறுவி பேசத் தொடங்கும். லாகின் திரையில் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் விசை), எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா வரும். உள்ளே நுழைந்த பிறகு மறுபடி ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கலாம். லாகின் திரை தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது, அங்கே செய்த அமைப்பு உங்கள் கணக்குக்கு வராது. மடிக்கணினி என்றால் இன்சர்ட்டுடன் ஸ்பேஸ் அழுத்தி ஓர்கா அமைப்புகளைத் திறந்து, விசை அமைப்பை லேப்டாப் என்று மாற்றுங்கள். அதன் பிறகு கேப்ஸ் லாக்தான் ஓர்கா விசை.

கூர்செவி:
விசை மட்டுமே காரணம் என்றால் பாதிதான் சரி. டேப் விசைக்குச் சிக்காத, பெயரே இல்லாத பொத்தான்கள் உள்ள நிரல்களை என்ன செய்வீர்கள்? திரையில் தெரிவதை வரிவரியாக உலாவும் ஓர்காவின் ஃபிளாட் ரிவ்யூவில் அந்த இடத்துக்குப் போய், எண்பலகையின் வகுத்தல் விசையால் இடது கிளிக், பெருக்கல் விசையால் வலது கிளிக். எக்ஸ்11-இல் அது நிஜமான மவுஸ் கிளிக்காகவே போய்ச் சேரும். வேலேண்டில் சுட்டியை நகர்த்த ஓர்காவுக்கு அனுமதி இல்லை. பொத்தான் தானாக அறிவித்திருக்கும் செயலைத்தான் அது தூண்ட முடியும். ஒழுங்காக எழுதிய நிரல் அதற்குப் பணியும். வெறும் படத்தை வரைந்து அதில் கிளிக்கை மாட்டியிருக்கும் நிரல் பணியாது. நமக்கு இந்த வசதி தேவைப்படுவதே அப்படிப்பட்ட நிரல்களில்தான்!

சுட்டிக்குக் கீழே இருப்பதை வாசிக்கும் மவுஸ் ரிவ்யூவும் டெபியன் 13-இல் எக்ஸ்11 அமர்வில்தான் கிடைக்கும். குறைபார்வை உள்ளவர்களுக்கு அது பெரிய துணை. உபுண்டு 24.04-இல் இருப்பது க்னோம் 46 என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே உங்கள் வாதம் செல்லாது.

மாட்டேயில் லாகின் திரையும் எளிது. அதைக் காட்டும் லைட்டிஎம் ஜிடிகே கிரீட்டரின் அமைப்புக் கோப்பில் ரீடர் என்ற வரிக்கு மதிப்பு ஓர்கா. அணுகல் நிலைகளுக்கான வரியில் ரீடர் என்ற சொல்லுக்கு முன் கூட்டல் குறி. ஒவ்வொரு முறையும் தானாகப் பேசும்.

விசைவழி:
24.04 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதில் இருப்பவர்கள் லாகின் திரையின் பற்சக்கரப் பொத்தானில் எக்ஸ்11 அமர்வைத் தேர்வதே நல்லது. ஆனால் க்னோம் 49-இல் எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். இன்று கற்கத் தொடங்குபவரை மூடப்போகும் வழியில் ஏன் பழக்க வேண்டும்?

அடித்தளம்:
இருவரும் மேல்மாடியைப் பற்றியே பேசுகிறீர்கள். “ஓர்கா வேலை செய்யவில்லை” என்று வருபவை பலவும் ஒலிக் கோளாறுகள். கீழிருந்து மேலே சோதியுங்கள். முதலில் ஒலி வருகிறதா என்று பார்க்கும் ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளை. அடுத்து முனையத்தில் எஸ்பிடி-சே கட்டளையுடன் ஒரு சொல். அது பேசி, ஓர்கா மட்டும் பேசவில்லை என்றால் ஓர்காவை ரிப்ளேஸ் விருப்பத்துடன் மறுபடி தொடங்கினால் போதும். ஸ்பீக்கர் ஒலித்து எஸ்பிடி-சே பேசவில்லை என்றால் கோளாறு ஓர்காவின் சொற்களைக் குரலாக்கிக்கு அனுப்பும் ஸ்பீச் டிஸ்பேச்சரில். அந்தச் செயலாக்கத்தை நிறுத்துங்கள், அடுத்த அழைப்பில் தானே எழும். அப்போதும் அமைதி என்றால் அதன் அமைப்புக் கோப்பில் இயல்பு மாட்யூல் ஈஸ்பீக் என்ஜி என்ற குரலாக்கிதானா என்று பாருங்கள்.

முதல் அசை விழுங்கப்படுவது இன்னொரு தொல்லை. “நகலெடு” என்பது “லெடு” என்று கேட்கும். 5 விநாடி ஒலி இல்லாவிட்டால் ஒலிக் கருவிகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் ஒலி அட்டையைத் தூங்க வைக்கிறது. அது விழிப்பதற்குள் முதல் அசை போய்விடுகிறது. அந்தக் காலவரம்பை 0 ஆக்குங்கள். இன்டெல் எச்டிஏ டிரைவரின் பவர் சேவ் மதிப்பையும் 0 ஆக்குங்கள். மின்கலம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். செலவாகட்டும், மெனுவே புரியாமல் தடுமாறுவதைவிட அது மேல்.

மூன்றாவது, பேசும் நிறுவியால் நிறுவியவர்களுக்கு வருவது. கறுப்புத் திரை முனையத்தைப் பேச வைக்க ஈஸ்பீக்கப் என்ற சேவை பின்னணியில் ஓடும். அது ஒலி அட்டையை நேரடியாகப் பிடித்துக்கொண்டால் டெஸ்க்டாப்பின் ஒலிச் சேவையான பைப்வயருக்கு அட்டை கிடைக்காது, ஒலி அமைப்பில் டம்மி அவுட்புட் (போலி வெளியீடு) மட்டும் தெரியும். ஈஸ்பீக்கப் சேவையை நிறுத்திவிட்டு, உங்கள் கணக்கில் பைப்வயரையும் வயர்பிளம்பரையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

கூர்செவி:
ஈஸ்பீக்கப்பை நிறுத்தலாம், நீக்கக் கூடாது. ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு டெஸ்க்டாப் வராமல் போனால் பேசக்கூடிய ஒரே இடம் அந்த முனையம்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திப் பெயர், கடவுச்சொல், சேவையைத் தொடங்கும் கட்டளை. திரை பேசாவிட்டாலும் இவ்வளவையும் தட்டச்சிட முடியும்.

அடித்தளம்:
பிரெய்லி காட்சிப்பலகைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய்க்கும் அதுவே பொருந்தும். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி சீரியல் கருவிகளை அது பிரெய்லி காட்சிப்பலகை என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது. “பொதியையே நீக்கு” என்ற பதில் இணையமெங்கும் பரவியது. பிரெய்லி பயன்படுத்துபவருக்கு அது கண்ணைப் பிடுங்குவதற்குச் சமம். அதன் யுடெவ் (செருகும் கருவிகளை அடையாளம் காணும் சேவை) விதிக் கோப்பை எட்சி அடைவிலுள்ள யுடெவ் விதிகளின் இடத்துக்கு அதே பெயரில் நகலெடுத்து, அந்த ஒரு சிப்பின் வரியை மட்டும் முடக்கினால் போதும்.

விசைவழி:
ஃபிளாட் ரிவ்யூ கிளிக் விஷயத்தில் கூர்செவி சொல்வதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனாலும் முதல் தேர்வாக க்னோமையே சொல்வேன். டெபியன் 13 நிறுவும்போது மாட்டேயையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள், லாகின் நிர்வாகியாக க்னோமின் ஜிடிஎம் மட்டும் இருக்கட்டும். அடம்பிடிக்கும் நிரல் வந்தால் பற்சக்கரத்தில் மாட்டே அமர்வுக்குப் போகலாம்.

கூர்செவி:
நான் மாட்டேயை முதலிலும் க்னோமை இரண்டாவதாகவும் சொல்வேன். எதை முதலில் வைத்தாலும் ஓர்காவின் குரல், வேகம், விசை அமைப்பு எல்லாம் முகப்பு அடைவில் ஒரே இடத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. ஒருமுறை செய்தால் இரண்டு அமர்வுகளுக்கும் ஆகும்.