புதுப்பிப்பு: ‘அண்ட் தென்’ தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகும் என் பெறாமகள் ஆங்கிலத்தில் கதைச்சுருக்கம் எழுதினால் ஒவ்வொரு வசனமும் ‘அண்ட் தென்’ என்றுதான் தொடங்குகிறது, என்ன செய்யலாம் என்று.

நீங்கள் தந்த இணைப்புச் சொற்களின் நீண்ட பட்டியல்கள், குறை நினைக்காதீர்கள், சரிவரவில்லை. கிளிநொச்சியில் கரண்ட் நின்ற ஒரு பின்னேரம், அவளை முற்றத்தில் இருத்தி, காகம் வடை தூக்கின கதையைச் சொல்ல வைத்தேன். தொடக்கத்துக்கு ‘த ஸ்டோரி இஸ் அபவுட்’. காகம் மரத்தில் இருக்க, ‘மீன்வைல்’ நரி வருகிறது. காகம் வாயைத் திறந்தது, ‘ஆஸ் எ ரிசல்ட்’ வடை விழுந்தது. வினையெல்லாம் நிகழ்காலத்தில். அது பிடிபட்டுவிட்டது.

மல்லுக்கட்டியது ‘ஓல்தோ’வோடுதான். அதை முன்னால் போட்டுவிட்டு நடுவில் ‘பட்’டும் போடுகிறாள். நாங்கள் கதைக்கும்போது ‘எண்டாலும்’, ‘ஆனால்’ இரண்டும் ஒன்றாக வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒன்று போதும். ‘இன் த எண்ட்’ என்றால் கடைசியில் நடந்தது. ‘அட் த எண்ட்’ ஒன்றின் முடிவுப் பகுதியைச் சொல்வது, பெரும்பாலும் பின்னால் ‘ஒஃப்’ வரும். இதை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது புதிதாக ‘மோர்ஓவர்’ (மேலும்) என்பதைப் பிடித்துக்கொண்டாள். நரி ஓடினாலும் ‘மோர்ஓவர்’, காகம் அழுதாலும் ‘மோர்ஓவர்’.