ஜாவா ஜெனரிக் மெதட்: கம்பைல் ஆகிறது, ஓடும்போது கவிழ்கிறது. தப்பு யார் மேல்?

வடைசட்டி: எங்கள் ப்ராஜெக்டில் செட்டிங்ஸ் எடுக்க ஒரு ஜெனரிக் மெதட் (எந்த டைப்புக்கும் பொதுவாக எழுதியது) உண்டு. பெயரைக் கொடுத்தால் மேப்பில் இருப்பதை எடுத்து, 'டி' டைப்புக்கு காஸ்ட் செய்து, அதாவது 'இது அந்த டைப்தான்' என்று அடித்துச் சொல்லித் தரும். டைம்அவுட்டை யாரோ இன்டீஜராகப் போட்டிருக்கிறார்கள், நான் ஸ்ட்ரிங்கில் வாங்கினேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் (டைப் பொருந்தவில்லை என்ற எரர்), அதுவும் காஸ்ட் இருக்கும் வரியில் இல்லை, என் வரியில்! அரை நாள் போச்சு. ஓடுவதற்கு முன்பே டைப் தப்பைப் பிடிப்போம் என்கிற இந்த ஸ்டாடிக் டைப் பெருமை அப்புறம் எதற்கு?

மூன்றாம்_டேப்: அந்த காஸ்டுக்கு 'அன்செக்ட்' (சரிபார்க்க முடியவில்லை என்ற) வார்னிங் வந்தே தீரும் நண்பரே. மெதடின் தலையில், வார்னிங்கை வாயடைக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

வடைசட்டி: இருக்கிறது. ஒட்டியவர் வேலையை விட்டே இரண்டு வருஷம் ஆகிறது. கூப்பிடுகிற எனக்கு எந்த வார்னிங்கும் இல்லையே!

மூன்றாம்_டேப்: 'டி' பாராமீட்டரில் இல்லை, ரிட்டர்னில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் எதில் வாங்குகிறீர்களோ அதுதான் 'டி'. கம்பைலர் என்ன செய்யும்? எந்த டைப் என்று சொல்லும் கிளாஸ் ஆப்ஜெக்டை இரண்டாவது பாராமீட்டராக வாங்கி, அதன் காஸ்ட் மெதடைக் கூப்பிடுங்கள். ஸ்ட்ரிங் கிளாஸைக் கொடுத்துவிட்டு இன்டீஜரில் வாங்கினால் கம்பைலே ஆகாது. மேப்பில் வேறு எதுவும் இருந்தால் மெதடுக்குள்ளேயே மாட்டும்.

வடைசட்டி: ஸ்ட்ரிங் லிஸ்ட் வேண்டுமென்றால்? லிஸ்டுக்கு கிளாஸ் ஆப்ஜெக்ட் இருக்கிறது, ஸ்ட்ரிங் லிஸ்டுக்குத் தனியாக இல்லை.

செமிகோலன்: அங்கேதான் இரேஷர் கடிக்கிறது. 2004இல் ஜாவா 5 வந்தபோது, பழைய கோடு உடையக்கூடாது என்று டைப் பாராமீட்டரை கம்பைல் முடிந்ததும் அழித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வந்த மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் 2.0 ஓடும்போதும் அதை வைத்திருந்தது.

மூன்றாம்_டேப்: சும்மாவா? சி ஷார்ப்பில் பழைய அரேலிஸ்ட் ஒரு பக்கம், புது லிஸ்ட் ஒரு பக்கம் என்று இரண்டு குடித்தனம். ஜாவாவில் பழைய அரேலிஸ்டே ஜெனரிக் ஆனது. வார்னிங்கை மதித்தால் ஜாவாவில் பிரச்சினையே இல்லை.

செமிகோலன்: இல்லையா? லாங் எண்கள் வைத்த ஹாஷ்செட்டில் 5 இருக்கிறதா என்று கன்டெய்ன்ஸில் கேளுங்கள். 5 இன்டீஜர் ஆப்ஜெக்டாகப் பொதியப்படும் (பாக்ஸ் ஆகும்), பாராமீட்டரோ எதையும் ஏற்கிற வெறும் ஆப்ஜெக்ட். செட்டில் 5 இருந்தாலும் ஃபால்ஸ்தான். வார்னிங்கும் இல்லை, எக்செப்ஷனும் இல்லை.

மூன்றாம்_டேப்: சரி, அது அசிங்கம்தான். ஆனால் எரர் ப்ரோன் என்ற கோடு சோதிக்கும் டூலைப் போட்டால் கம்பைலிலேயே பிடிக்கும்.

செமிகோலன்: காவலுக்கு ஒரு காவலா? 2016இல் ஆய்வாளர்கள் நாடா அமீனும் ராஸ் டேட்டும் காட்டினார்களே, காஸ்டே எழுதாமல், வைல்ட்கார்டையும் (டைப் இடத்தில் போடும் கேள்விக்குறி) null என்ற வெற்று மதிப்பையும் வைத்தே ஜாவாவின் டைப் சிஸ்டத்தை ஏமாற்றலாம் என்று.

மூன்றாம்_டேப்: அந்தக் கோடை யாராவது கைதவறி எழுதுவார்களா? நமக்குக் கழுத்தறுப்பு சப்ரஸ்வார்னிங்ஸ்தான்.

வடைசட்டி: மெதடை மாற்றிவிட்டேன். கூப்பிடுகிற முப்பது இடமும் சிவப்பாச்சு. ஒவ்வொன்றாகச் சரிசெய்ததில் இன்னும் இரண்டு இடம் இதே தப்போடு இருந்தது, யாரும் அந்தப் பக்கம் போகாததால் வெடிக்கவில்லை. லிஸ்ட் கேட்கிற ஒரே இடத்தில் மட்டும் நானும் சப்ரஸ்வார்னிங்ஸ் ஒட்டியிருக்கிறேன். திட்டாதீர்கள்.