ஈயமே சேர்க்காத கிணற்று நீரிலும் தங்க நானோ கரைசல் நீலமாகிறது

நாகர்கோவிலில் முதுநிலை வேதியியல் படிக்கிறேன். குடிநீரில் ஈயம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் தங்க நானோ துகள் கரைசல்தான் என் ஆய்வு. சிட்ரேட் முறையில் தயாரித்து, ஈயத்தைப் பிடிக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு பெப்டைடைப் பூசியிருக்கிறேன். ஒயின் சிவப்பு, ஒளி உறிஞ்சும் உச்சம் 522 நானோமீட்டரில்.

வாலை வடிநீரில் எல்லாம் ஒழுங்கு: ஈயம் சேர்த்தால் மட்டுமே நீலமாகிறது. பேச்சிப்பாறைக் கால்வாய் நீரிலும் சிவப்பு நிலைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடலோரக் கிணற்று நீரை விட்டாலோ, ஈயம் சேர்க்காமலே இரண்டு நிமிடத்தில் ஊதா, பிறகு நீலம். 650 நானோமீட்டர் அருகே புதிய மேடு எழுகிறது. மூன்று வாரமாக இதே கதை. அந்த நீரின் உப்பும் கால்சியமும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து நீலமாக்குகின்றன என்றே நினைக்கிறேன்.

0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன், பயனில்லை. பத்து மடங்கு நீர்த்தால் சிவப்பு நிற்கிறது. ஆனால் குடிநீருக்கான வரம்பே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதையும் பத்தால் வகுத்தால் என் கரைசலுக்கு எட்டாது. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்தபோது நிறம் அழகாக நின்றது. நிற்காமல் என்ன, ஈயத்தையும் அதுவே பிடித்துக்கொண்டதே!

அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஈயத்தைத் தொடாமல் கால்சியத்தை மட்டும் அடக்க, உங்களில் யாராவது கடலோர நீரில் செய்து பார்த்த வழி எது?