மறைந்த தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் ஒரே ஓவியத்தில்: கையால் வரைந்து வாங்கலாமா, பிரிண்ட் போதுமா?

ஈரோட்டு மருமகள்:
மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. மகன் பிறப்பதற்கு முன்பே மாமனார் தவறிவிட்டார். மூன்று பேரையும் ஒரே ஆயில் பெயின்டிங்காக வரையச் சொல்லி மாமியாருக்குக் கொடுக்க ஆசை. விசாரித்த ஓவியர் 2 அடிக்கு 3 அடி கேன்வாஸுக்கு 25,000 ரூபாய் சொல்கிறார், இரண்டு மாதம் ஆகுமாம். வீட்டுக்காரரோ, போட்டோக்களை கம்ப்யூட்டரில் சேர்த்து கேன்வாஸ் பிரிண்ட் போட்டால் இதில் கால்வாசி கூட ஆகாது என்கிறார். மாமனாருக்கு உருப்படியாக இருப்பது கல்யாண ஆல்பத்தில் கும்பலோடு நிற்கிற ஒரு போட்டோதான். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். நாலு வயதுப் பையனின் முகம் அடுத்த வருடம் வேறு முகம். அந்த 25,000த்தை மகள் பேரில் செல்வமகள் கணக்கில் போடுங்கள், 10 வயது தாண்டினால் ஆரம்பிக்கக்கூட முடியாது. பிரிண்ட் வெளிறிப்போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், ஓவியத்தில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வீர்கள்?

தூரிகை:
முகம் மாறும் என்பதற்காகத்தானே ஐயா வரைந்து வைப்பது! நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவன், உருவப்படம் வரைவதுதான் பிழைப்பு, அதனால் என் பேச்சில் கொஞ்சம் சுயநலம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். கும்பல் போட்டோவில் மாமனாரின் தலை விரல்நகம் அளவு இருக்கும், அதைப் பெரிதாக்கினால் கிடைப்பது மங்கல்தான். இப்போது ஏஐ வைத்துத் தெளிவாக்கித் தருகிறார்கள், ஆனால் இல்லாத விவரத்தை அது எங்கிருந்தோ இட்டு நிரப்புகிறது, கடைசியில் வருவது யாரோ ஒரு பெரியவர். அப்புறம் வெளிச்சம். அவர் மேல் ஃபிளாஷ் நேராக அடித்திருக்கும், பிள்ளைகள் மேல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருக்கும், ஒட்டினால் ஒட்டியதுபோலவே தெரியும். வரைகிறவன் மூன்று பேருக்கும் வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவருவான். ரவி வர்மா 1893ல் தன் மகளையும் பேரனையும் வைத்து ‘அதோ அப்பா வருகிறார்’ என்று ஒரு படம் வரைந்தார். படத்தில் இல்லாத அப்பாவை அந்த இரண்டு பேரின் பார்வையிலேயே காட்டிவிட்டார். அதெல்லாம் போட்டோவை ஒட்டி வருகிற விஷயமா?

கணக்குப்பிள்ளை:
நல்ல ஆளைத்தான் இழுத்தீர்கள். அதற்கு அடுத்த வருடமே, 1894ல், பம்பாயில் அச்சகம் தொடங்கியவர் அதே ரவி வர்மா. அங்கே அடித்த லட்சுமி, சரஸ்வதி படங்களை அச்சுதானே என்று யாராவது கும்பிடாமல் விட்டார்களா?
இன்னொன்று, கையால் வரைந்தது என்று விற்பதில் பாதி பித்தலாட்டம். என் மைத்துனர் ஒரு இணையக் கடையில் ஆர்டர் கொடுத்தார், வந்தது பிரிண்ட். மேலே கண்ணாடி மாதிரி ஏதோ பசையைத் தடவி, பிரஷ் தடம் போல இழுத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

தூரிகை:
உண்மைதான், அப்படி நடக்கிறது. ஆனால் கண்டுபிடிக்க லென்ஸ் ஒன்று போதும். பிரிண்டில் நிறம் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும். அந்தப் பசைத் தடத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இருக்காது, மூக்கின் வளைவைப் பிரஷ் தொடராமல் கன்னத்திலிருந்து காது வரை நேராகக் கோடு போட்டுப் போகும். பென்சில் கோடு, அடிவண்ணம் என ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போட்டோவைப் புரொஜெக்டரில் கேன்வாஸ் மேல் விழவைத்து அளவு எடுப்பதைச் சிலர் மோசடி என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. கோடு போட்ட பிறகுதான் வேலையே இருக்கிறது.
பூஞ்சைக்கு: ஈரம் ஊறுகிற சுவரில் மாட்டாதீர்கள், ஆயில் படத்தைக் கண்ணாடிக்குள் அடைக்காதீர்கள். வார்னிஷ் உடனே வேண்டாம், நன்றாகக் காய ஆறு மாதமாவது பிடிக்கும்.

மீனாட்சி பெரியம்மா:
பணத்தை விடுங்கப்பா. போனவர் படத்துக்கு மாலை போட்டுச் சந்தனம் வைப்போம். அதே சட்டத்துக்குள் பச்சைப் பிள்ளைகள் நின்றால் மாலையை எங்கே போடுவது? எனக்கு மனசு ஒப்பவில்லை.

அடையார் கார்த்தி:
பெரியம்மா, கூடத்தில் மாட்டியிருக்கிற பழைய குடும்ப போட்டோவில் பாதிப் பேர் இன்று இல்லை, அதைக் கழற்றியா வைத்தோம்? இது பூஜை அறைக்கு இல்லை. மாலைக்குத் தனிப் படம் ஏற்கனவே இருக்கும்.

மீனாட்சி பெரியம்மா:
அது எல்லோரும் உயிரோடு சேர்ந்து நின்று எடுத்தது தம்பி. இது நடக்காததை நடந்ததாகக் காட்டுவது. அந்தம்மா பார்த்ததும் உடைந்து அழுதால் நீயா வந்து தேற்றுவாய்? முதலில் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேள் கண்ணு.

கணக்குப்பிள்ளை:
பெரியம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. சர்ச்சிலின் 80வது பிறந்தநாளுக்கு 1954ல் பிரிட்டிஷ் பாராளுமன்றமே கிரஹாம் சதர்லாந்தை வைத்து வரைந்து கொடுத்த படம் அவருக்குப் பிடிக்கவில்லை, பின்னால் அவர் மனைவி அதை அழிக்கவே ஏற்பாடு செய்துவிட்டார். அவ்வளவு பெரிய ஓவியருக்கே அந்தக் கதி. பிரிண்டில் மூக்கு பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தூரிகை:
அதனால்தான் வண்ணம் தொடுவதற்கு முன் பென்சில் படத்தை மாமனாரோடு வாழ்ந்தவர்களிடம் காட்டச் சொல்வேன். எல்லோரும் குறை கண்டுபிடிப்பது படத்தில் இருக்கிற வாயில்தான். உதட்டோரம் ஒரு நூல் ஏறினாலும் “இது எங்கப்பா இல்லை” என்பார்கள், அந்த நிலையில் திருத்துவது சுலபம். பல் தெரியச் சிரிக்கிற போட்டோவை மட்டும் கொடுக்காதீர்கள், வரைந்தால் இளிப்பது போலாகிவிடும். பிள்ளைகளை ஆறேழு அடி தள்ளி நின்று, ஃபிளாஷ் இல்லாமல், அவர்கள் கண் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்துவிடும்.

ஈரோட்டு மருமகள்:
பெரியம்மா பேச்சைக் கேட்டு மாமியாரிடம் சொல்லிவிட்டேன், ரகசியம் போனால் போகட்டும். அழவெல்லாம் இல்லை. “நான் மட்டும் எதுக்கு வெளியில நிக்கணும், என்னையும் அவர் பக்கத்துல உட்கார வெச்சு வரையச் சொல்லு, அரக்குப் பட்டுல” என்றார்.

கணக்குப்பிள்ளை:
சரி, நாலாவது தலைக்கு எவ்வளவு கூடும் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.