விமானச் சீற்றை வானில் பூட்டலாமா? (வாகனம்தான், ஆகாயம் இல்லை)

உப்புவெளியான்:
பழைய இரும்புக் கடையில் மூன்று பேர் இருக்கும் விமானச் சீற் ஒன்று கிடக்குது. கொழும்பு ஓடும் வானுக்குப் பின்வரிசையாகப் பூட்டலாமோ? காலடியில் போல்ட் ஓட்டை இல்லை, காளான் தலை மாதிரிக் குமிழ்கள்தான். நடுச் சீற் சாய்ந்தால் நிற்குதும் இல்லை. ஸ்பொஞ்சும் மாற்ற வேணும்.

தண்டவாளம்:
வானுக்கு வேண்டாம், தம்பி. அந்தக் குமிழ் விமானத் தரையில் பதித்த தண்டவாளத்துக்கானது. அங்குலத்துக்கு ஒரு வட்டத் துளை. இடையில் வாய் ஒடுங்கும். குமிழைத் துளைக்குள் இறக்கி அரை அங்குலம் தள்ளினால் உதட்டின் கீழ் மாட்டும், பிறகு பூட்டுமுளை துளைக்குள் இறங்கி நகரவிடாது. விமானத்தில் வரிசை இடைவெளி அங்குலம் அங்குலமாக மாறுவது இதனால்தான்.

1988இல் வந்த அமெரிக்க விதிப்படி, 77 கிலோ பொம்மைகளை இருத்தி, முன்பக்கமாக 16 மடங்கு புவியீர்ப்பு விசையில் சோதிப்பார்கள். அதற்கு முன்பே ஒரு பக்கத் தண்டவாளத்தை 10 பாகை மேலோ கீழோ சரித்து, மற்றதை 10 பாகை திருகிவிடுவார்கள். விபத்தில் தரை நெளியும் என்பதற்காக. சீற் 30 கிலோ என்று வைத்தால், மூன்று பேரோடு 261 கிலோ. 16ஆல் பெருக்கினால் 4 தொன்னுக்கு மேல். பாரம் தரைக்கு மேலே இருப்பதால் பின்கால் மேல்நோக்கிப் பிடுங்கும். வானின் தகட்டில் வாஷர் போட்டு இறுக்கினால் சீற் உடையாது, தகடுதான் கிழிந்து வரும். பெல்ட்டும் சீற்றோடுதான் பூட்டியிருக்கு, ஆளோடு சேர்ந்தே பறக்கும். அதுவும் இடுப்புப் பெல்ட் மட்டும்.

ஸ்பானர் 10:
சாய்வைப் பிடிப்பது ஹைட்ரோலொக் என்ற சிறிய எண்ணெய்ச் சிலிண்டர். அதைப் பார்க்க இருக்கை மெத்தையை எடுங்கள்; வெல்குரோவில்தான் நிற்கும், இழுத்தால் வரும். பொத்தான் கேபிளைச் சிலிண்டர் முனையில் கழற்றிவிட்டு முதுகைத் தள்ளிப் பாருங்கள். இப்போது நின்றால் கேபிள் இறுக்கம்தான் பிழை, வால்வு முழுக்க மூடவில்லை. கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டுங்கள். கேபிள் கழற்றியும் நிற்காமல் சாய்ந்தால், சிலிண்டர் தண்டில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியுதா பாருங்கள். கசிந்ததைப் பிரிக்காதீர்கள், முழுதாக மாற்றுங்கள். சாய்வே வேண்டாம் என்றால் அதே நீளத்தில் ஒரு இரும்புத் தண்டு போதும்.

உப்புவெளியான்:
சரி அண்ணை, வானை விடுறன். வீட்டு விறாந்தைக்கு எப்படி நிறுத்துறது?

தண்டவாளம்:
விறாந்தைக்குத் தாராளமாக. தடித்த பலகை இரண்டில் குமிழ் அளவுக்குக் குழி எடுத்து, காலை மேலிருந்து பட்டியால் பிடியுங்கள். கடற்கரை வீடென்றால் அலுமினியக் காலில் வெறும் இரும்புப் போல்ட் படக்கூடாது. உவர்க்காற்றில் அந்த இடத்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் நைலோன் வாஷர் போடுங்கள்.

ஸ்பொஞ்ச் மாற்றும்போது, துணிக்கும் ஸ்பொஞ்சுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு உறை இருந்தால் எறியாதீர்கள். அது தீத்தடுப்பு. 2 நிமிடம் எண்ணெய் பேர்னர் தீயில் பிடித்தாலும் மெத்தை 10 வீதத்துக்கு மேல் எடை இழக்கக்கூடாது என்பது விமான விதி. சாதாரண மெத்தைக்கடை ஸ்பொஞ்ச் அதில் நிற்காது.